யார் அடித்தது?

ஏரலிலிருந்து தூத்துக்குடிக்குக் கல்யாணமாகி வந்த பிறகு என் உடம்பில் எப்போதும் ஏதாவது ஒரு காயம் இருக்கும். கேட்பவர்களிடம் "அடிபட்டிருச்சு" என்பேன். அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள். கதவு இடித்திருக்கும், படி வழுக்கியிருக்கும் என்று அவர்களே நினைத்துக்கொள்வார்கள்.

அடித்தது என் புருஷன். பாத்திரக்கடை வைத்திருந்தான். கடைக்கு வருகிறவர்களுக்கு அவன் சிரித்த முகமுள்ள அண்ணாச்சி. வீட்டில் சோறு குழைந்துவிட்டால் கரண்டியைத் திருப்பிப் பிடிப்பான்.

துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனிகளில் இங்கிலீஷ் பேசினால் வேலை கிடைக்கும் என்றார்கள். வருமானம் வரும் என்பதால் அவனும் சம்மதித்தான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடியில் சாயங்கால வகுப்பு. சொல்லிக்கொடுத்த மிஸ் வேம்பார்க்காரர்.

ஒரு நாள் மிஸ், நேற்று நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லச் சொன்னார். என் முறை வந்தது. முழங்கை வீங்கியிருந்தது. "யெஸ்டர்டே ஹிட் மை ஹேண்ட்" என்றேன்.

"சப்ஜெக்ட் எங்கம்மா? தமிழ்ல எழுவாய முழுங்கிரலாம், இங்கிலீஷ்ல முழுங்க முடியாது. யாரு ஹிட்? கதவா, ஜன்னலா?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரிக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"மை ஹஸ்பண்ட் ஹிட் மை ஹேண்ட்."

"கரெக்ட்" என்றார் மிஸ், பழக்கத்தில். பிறகுதான் அவர் முகம் மாறியது. சிரிப்பும் நின்றது.

வகுப்பு முடிந்ததும் அவரே என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். முழங்கை எலும்பில் விரிசல் விட்டிருந்தது. டாக்டர் கேட்டபோதும் அடித்தது யார் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியிலிருந்து போலீசுக்குத் தகவல் போனது. அன்றே மிஸ் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அவன் மாடியேறி வந்தான். "ஏளா, ஊர் பூரா என் மானத்த வாங்குதியா?" என்று என் கொண்டையைப் பிடித்து இழுத்துத் தலையை மேசை விளிம்பில் மோதினான். கண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது. இரண்டாவது முறை மோதும்போது மிஸ் குறுக்கே பாய்ந்தார். அவரைச் சுவரில் தள்ளினான். மூக்குக்கண்ணாடி உடைந்து அவர் புருவம் கிழிந்தது. எங்களோடு படித்த கிரேன் ஓட்டும் பையன்கள்தான் அவனைத் தரையில் அமுக்கிப் பிடித்தார்கள். அப்போதும் என் காலை எட்டி உதைத்துக்கொண்டிருந்தான்.

ஸ்டேஷனில் ஏட்டையா அலுத்துக்கொண்டார். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள இதெல்லாம் உள்ளதுதான். தகராறுல காயம் ஏற்பட்டுச்சுன்னு எழுதிக்கிடுதேன்."

"ஏற்படல சார். எம் புருஷன் அடிச்சாரு. அப்படியே எழுதுங்க."

பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். பக்கத்தில் மிஸ்ஸின் புருவத்திலிருந்து ரத்தம் சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. எழுதினார்.

ஊரிலிருந்து அப்பா வந்தார். "சமாதானமாப் போயிரும்மா, சொந்தக்காரன் மொகத்துல முழிக்க முடியல" என்றார். என் தலையில் போட்டிருந்த கட்டை அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. வரமாட்டேன் என்றேன். கோபித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

இப்போது ஒரு சரக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன், ஹாஸ்டலில் இருக்கிறேன். வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தா நாளில் அவன் எதிரே வந்து நிற்பான். இருந்தாலும் ஒரு வாய்தாவைக்கூட விட்டதில்லை.