உம்மா சொல்லாமல் விட்டது

எங்கள் தெருவிலேயே புறம் பேசாத ஒரே பெண் என்று என் உம்மாவுக்குப் பெயர். பெண்கள் மார்க்கப் பயானுக்குக் கூடினால் மௌலவியாகூட உம்மாவைத்தான் உதாரணம் காட்டுவார். எனக்குப் பெருமை தாங்காது.

பக்கத்து வீட்டு ராத்தா, மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த குடும்பத்தில் பிறந்தவர். தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் அவர்தான் எனக்குத் தலை பின்னிவிடுவார். உம்மா பின்னினால் வலிக்கும்; ராத்தா பின்னினால் தூக்கம் வரும். அவர்கள் வீட்டில் குளித்த தண்ணீர் எங்கள் வளவுக்குள் ஓடிவருகிறது என்று எப்போதோ இரு வீட்டுக்கும் ஒரு வாய்த்தகராறு. ராத்தாவின் வாப்பா மறுவாரமே கான் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டார். உம்மாவின் மனதைத்தான் யாராலும் திருப்ப முடியவில்லை.

ராத்தாவுக்குக் கனமூலை ஊரில் ஒரு மாப்பிள்ளை சரிவந்தது. எல்லாம் பேசியாயிற்று. நாள் குறிக்குமுன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாப்பிள்ளையின் உம்மாவும் மாமியும் எங்கள் வீட்டுக் கதிரைகளில் வந்து உட்கார்ந்தார்கள். உம்மா தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வைத்தார். பிள்ளை எப்படி, குணம் எப்படி என்று கேட்டார்கள்.

ராத்தாவைப் பற்றிச் சொல்ல ஒரு குறையும் இல்லை. தங்கமான பிள்ளை என்று இரண்டு சொல் போதும். உம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

“என்னட்டக் கேக்காதீங்க. நான் ஆரப் பத்தியும் கதைக்கிறல்ல. புறம் கதைக்கிறது மவுத்தாகிக் கிடக்கிற சகோதரன்ட இறைச்சியத் திங்கிற மாதிரி. அதுவும் ஒரு குமருப் புள்ளட விசயம். அல்லா மறைச்சத நான் என்னத்துக்குத் திறக்கணும்?”

வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். தேத்தண்ணி பாதியில் ஆறிப்போனது. எழுந்து போகும்போது மாப்பிள்ளையின் உம்மா, என் உம்மாவின் கையைப் பிடித்துத் துஆச் செய்துவிட்டுப் போனார். வாயைத் திறக்காமலே ஒரு குமரின் வாழ்வில் மண்ணைப் போடலாம் என்று எந்தப் பயானிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கனமூலைக்காரர்கள் பிறகு வரவேயில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. தெரு தன் பாட்டில் ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தது. உம்மா அதில் ஒன்றைக்கூட வாயில் எடுக்கவில்லை.

ஒரு காலை, பின்னிக்கொண்டிருந்த ராத்தா மெதுவாகக் கேட்டார்.

“மகள், அவங்க வந்த அண்டைக்கு உம்மா என்னப் பத்தி என்ன சொன்னாங்க?”

எனக்கு மகிழ்ச்சி தாளவில்லை. நல்ல சேதி சொல்லப் போகிறேன் அல்லவா.

“ஒண்டுமே சொல்லல்ல ராத்தா. அல்லா மறைச்சதத் திறக்க மாட்டன் எண்டு மட்டும்தான் சொன்னாங்க. எங்க உம்மா புறம் கதைக்க மாட்டாங்கதானே.”

சீப்பு நின்றது. பிறகு ராத்தா பின்னலை முடித்தார். முதல் தடவையாக வலித்தது. வலிக்குது ராத்தா என்றேன்.

மறுநாள் நான் தட்டியும் கதவு திறக்கவில்லை. நல்லதைச் சொன்ன என்மேல் ராத்தாவுக்கு என்ன கோபம் என்று, அவிழ்ந்த தலையோடு வந்து உம்மாவிடமே கேட்டேன். உம்மா சீப்பை எடுத்து என்னைத் தன் முன்னால் இருத்தி, அடுத்த ஆக்களின் கதை நமக்கு எதற்கு என்றார்.