பென்சிலில் தேய்த்து எடுத்த எண்

லைசென்ஸ் வைத்திருக்கும் என் பிளாஸ்டிக் உறைக்குள் விரல் நீளத்தில் ஒரு செல்லோ டேப் துண்டு இருக்கிறது. வெள்ளைத் தாளில் ஒட்டியது. பென்சில் கரிக்கு நடுவே எழுத்தும் எண்ணுமாக ஒரு வரி அதில் தெரியும். கையால் எழுதியது இல்லை. ஒவ்வொரு காருக்கும் அதன் உடம்பிலேயே இரும்பில் குத்திப் பொறித்த எண் ஒன்று உண்டு. சேஸ் நம்பர் என்போம். அந்த இடத்தைத் துடைத்துவிட்டு, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, மேலே டேப்பை ஒட்டி நகத்தால் நீவி உரித்தால், கரியெல்லாம் டேப்பில் ஏறிவிடும். எண் மட்டும் பள்ளமாக இருப்பதால் வெள்ளையாகத் தெரியும். பழைய வண்டிக்கு ஆர்.சி. புதுப்பிக்கும்போது விண்ணப்பத்தில் ஒட்டுவதற்காக இதை எடுப்போம். கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்று நான் எப்போதும் இரண்டாக எடுப்பேன். இது ஹெச்.எம். அம்மாவின் வண்டிக்கு இருபதாவது வருஷம் எடுத்ததில் இரண்டாவது.

தஞ்சாவூருக்கு வெளியே ஒரு கார் பட்டறையில் இருபத்தைந்து வருஷமாக டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் செய்கிறேன். நசுங்கிய தகட்டை எடுப்பது, துருவைச் சுரண்டுவது, மேலே வர்ணம் அடிப்பது. பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. வாடிக்கையாளர்களிடம் முகம் பார்த்துப் பேச வராது. அதனால்தான் எப்போதும் வண்டிக்கு அடியிலோ பின்னாலோ இருக்கும் வேலையாகப் பார்த்துச் செய்கிறேன் என்று என் மனைவி சொல்வாள். ஹெச்.எம். அம்மா ஒருவர்தான் குனிந்து, வண்டிக்கு அடியில் பார்த்து, "தம்பி, இருக்கியா?" என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்று பேசுவார். தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். வெட்டாற்றங்கரையில் ஒரு கிராமம். வண்டி, நாடு முழுக்க ஓடிய எண்ணூறு சிசி சின்ன கார், வெள்ளை நிறம். ஒரு காலத்தில் தெருவுக்கு இரண்டு நின்றது.

அந்த அம்மாவின் அப்பா நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போனவர். அம்மா தன் சம்பளத்தில் நாற்பத்திரண்டு வயதில் வாங்கிய அந்த வண்டிதான் அவர்கள் தெருவுக்குள் வந்த முதல் கார். வண்டி வந்த அன்று அப்பா வயலிலிருந்து நேராக வந்திருக்கிறார். கால் கழுவிவிட்டு வருகிறேன் என்று வாய்க்காலுக்குப் போனவரை இவர் விடவில்லையாம். "'மண்ணோட ஏறுங்கப்பா'ன்னு சொன்னேன்" என்றார். எதிரே நின்ற ஒருவர், "சேத்துல நின்ன காலெல்லாம் கார்ல ஏறுது பாரு" என்றது இவர் காதில் விழுந்திருக்கிறது. "ஆமாங்க, ஏறுது. நீங்களும் ஏறுங்க, கடைத்தெருவுல இறக்கி விடுறேன்" என்று சொன்னாராம். முன் சீட்டில் அப்பா உட்கார்ந்த பிளாஸ்டிக் உறையை அவர் கடைசிவரை எடுக்கவே இல்லை.

வண்டிக்கு இருபத்தோரு வருஷம் ஆனபோது, பழைய கார் வைத்திருக்கும் சிலர் தஞ்சாவூரில் ஒரு மைதானத்தில் கண்காட்சி வைத்தார்கள். அம்மா என்னையும் கூப்பிட்டார். "ஏதாவது கேட்டா நீதான் சொல்லணும், எனக்கு இன்ஜின் பத்தி தெரியாது" என்றார். யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதே என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டு போனேன். ஜமீன் வீட்டுக் கார்கள், கப்பல் மாதிரி நீளமான கார்கள் எல்லாம் வரிசையாக நின்றன. கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது. அம்மா அங்கே கொண்டுபோய் நிறுத்தினார். பேட்ஜ் குத்திய ஒருவர் ஓடி வந்தார்.

"அம்மா, இது பார்க்கிங் இல்லைங்க. பார்க்கிங் பின் கேட்ல."

"நான் பாக்க வரலப்பா. காட்ட வந்திருக்கேன்."

"இதையா? எங்க வீட்டுக்கு பால் ஊத்துறவர்கிட்டயே இது இருந்துச்சுங்களேம்மா."

"அதைத்தான்பா சொல்றேன். எல்லார்கிட்டயும் இருந்துச்சு. இப்ப யார்கிட்ட இருக்கு? ஒண்ணு காட்டு பாப்போம்."

அவர் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். பக்கத்தில் நீளமான பச்சைக் கார் வைத்திருந்த பெரியவர் மட்டும் மரியாதையாகச் சொன்னார். "அம்பது வருஷம் ஆகட்டும்மா. அப்ப கொண்டாங்க. ஆனா எல்லாம் ஒரிஜினலா இருக்கணும். கலர், இன்ஜின், நம்பர், எல்லாம் கம்பெனியில வந்த மாதிரியே."

வண்டியைப் பின் கேட்டுக்கு எடுத்துக்கொண்டு போனோம். அம்மா கோபப்படவில்லை. ஸ்டீயரிங்கில் விரலால் தட்டிக் கணக்குப் போட்டார். "இன்னும் இருபத்தொம்பது வருஷம். அப்ப எனக்குத் தொண்ணூத்திரண்டு. பரவால்ல, ரெண்டு பேரும் இருந்து பாத்துடுவோம்" என்றார். பிறகு வழியில் டீ குடிக்க நிறுத்தியபோது சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "ராஜா ஏறுன வண்டியை எவனும் வச்சுக்குவான் தம்பி. இதுல ஏறுனது யாரு? வாத்தியாரு, கிளார்க்கு, பிரசவத்துக்குப் போன பொண்ணு, எங்கப்பா. அவங்க ஏறுனதுல ஒண்ணே ஒண்ணாவது அங்க நிக்க வேணாமா?" டீ கிளாஸைக் கழுவி வைத்தேன்.

அன்றிலிருந்து வண்டி எங்கள் இருவருக்குமான வேலை ஆனது. பழைய கண்ணாடி, பழைய கைப்பிடி, அதே வெள்ளை. எங்கள் பக்கம் இரும்புக்கு எதிரி ஐப்பசி மழைதான். அம்மாவின் கொட்டகை வாய்க்காலை ஒட்டி இருந்தது. மழைக்காலம் முழுக்கச் சுவரே வியர்க்கும். "மழைக்கு முன்னாடி சேஸ் நம்பர் மேல விளக்கெண்ணெய் தடவிடுங்கம்மா, துரு ஏறாது" என்று நான்தான் சொன்னேன். நான் சொன்ன ஒரே யோசனை அது. அம்மா வருஷம் தவறாமல் பானட்டைத் திறந்து, ஒரு துணியில் நனைத்துத் தடவினார். கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலை. அங்கிருந்து வரும் உமித் தூசி எங்கும் போய் உட்காரும். எண்ணெய் இருக்கும் இடத்தில் விடாமல் உட்காரும். அதை நான் யோசிக்கவில்லை.

இருபத்தைந்தாவது வருஷம் ஆர்.சி. மறுபடி புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன் ஒருமுறை முழுதாகப் பெயின்ட் அடித்துவிடலாம் என்று ஆயுத பூஜைக்கு நான்கு நாள் இருக்கும்போது வண்டியைக் கொண்டுவந்து விட்டார். பூஜைக்கு முன் பட்டறை எப்படி இருக்கும் என்று வேலை செய்தவர்களுக்குத் தெரியும். எல்லாருக்கும் வண்டி பூஜைக்கு வேண்டும். வேனும் காரும் டிராக்டரும் வாசல் வரை நிற்கின்றன. முதலாளி பின்னால் நின்று, "என்னய்யா, இன்னும் பட்டி பாக்கலயா?" என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை கேட்கிறார். நான் கையில் கிரைண்டிங் மிஷினோடு பானட்டுக்குள் குனிந்திருந்தேன். கண்ணாடிக்குக் கீழே, இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தகட்டில் பழுப்பாகப் பொருக்குத் தட்டிப்போன ஓர் இடம். துரு என்று நினைத்து மிஷினை வைத்தேன்.

மூன்று விநாடி இருக்கும். அது துரு இல்லை. எண்ணெயில் ஊறி இறுகிப்போன உமித் தூசி. அதற்கு அடியில்தான் எண் இருந்தது. நான் பலமுறை விரலால் தடவிய இடம், கண்ணை மூடிக்கொண்டு காட்டக்கூடிய இடம். மிஷினை எடுத்தபோது முதலில் ஓர் எழுத்தும் கடைசியில் ஓர் எண்ணும் இருந்தன. நடுவே இரும்பு கண்ணாடி மாதிரி மின்னியது.

யாரையும் கூப்பிடவில்லை. பிரைமர் அடித்தேன். வெள்ளை அடித்தேன். அந்த இடத்துக்கு மட்டும் ஒரு கோட்டு கூடுதலாக அடித்தேன். பூஜை அன்று அம்மா வந்து சந்தனம் வைத்து, மாலை போட்டு, எனக்கு வேட்டி சட்டை வைத்துக் கொடுத்தார். "புதுசா இறங்குன மாதிரியே இருக்கு தம்பி" என்றார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "மெதுவா போங்கம்மா" என்று மட்டும் வந்தது.

பரிசோதனை அன்று ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். புரோக்கர் பானட்டைத் திறந்து பென்சிலால் தேய்த்தார். டேப்பை ஒட்டி உரித்தார். முழுக்கக் கரி. நடுவில் வெள்ளையே இல்லை. வேறொரு பென்சில் வாங்கி வந்து மறுபடி தேய்த்தார். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்தார். "நம்பர் எங்கம்மா?" என்றார்.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. "நான்தாங்க வருஷா வருஷம் எண்ணெய் தடவுனேன். அதுல தூசி சேந்து அரிச்சிடுச்சு போல. என் தப்புதாங்க" என்றார்.

அந்த அதிகாரி நல்ல மனிதர். எண் இல்லாத வண்டியைத் திருட்டு வண்டி என்றுதான் பார்ப்பார்கள் என்று விளக்கினார். ஆனாலும் வழி இருக்கிறது என்றார். கடைசியாக வேலை பார்த்த பட்டறையில், எண் எப்படிப் போனது என்று உள்ளதை உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை வைத்து மறுபடி எண் குத்த அனுமதி கேட்டுப் பார்க்கலாம். நாலு வரி போதும் என்றார்.

மறுநாள் அம்மா பட்டறைக்கு வந்தார். முதலாளி என்னைத் தனியே இழுத்துப் போனார். "எழுதிக் குடுத்த, அவ்வளவுதான். நம்பரை அழிச்சவன்னு ஸ்டேஷன்ல உக்கார வச்சுடுவானுங்க. உனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு, ஞாபகம் வச்சுக்க" என்றார். திரும்பி வந்தேன். அம்மா ஒரு கோடு போட்ட தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, எனக்குத் தெரிஞ்சாகணும். அந்த இடத்துல மிஷின் வச்சியா?"

"இல்லைங்கம்மா. துருதாங்க."

அவர் என் கையைப் பார்த்தார். "சரிப்பா" என்றார். தாளை நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார். "மத்தியானம் சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அப்போது இந்த டேப் துண்டு என் சட்டைப் பையில்தான் இருந்தது.

அதற்குப் பிறகு வண்டி ரோட்டில் ஏற முடியவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் கொட்டகையில் நின்றது. நின்ற வண்டி சீக்கிரம் கெடும். சென்னையிலிருந்து அம்மாவின் மகள் வந்து, இனி எதற்கு என்று காயலான் கடைக்குப் பேசிவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்று, நான் நாலு வரி எழுதினேன். முதலாளியிடம் சொல்லாமல் பஸ் ஏறிப் போனேன். கொட்டகை திறந்து கிடந்தது. தரையில் நான்கு டயர் நின்ற தடமும் நடுவே ஆயில் கறையும் இருந்தன. முன் சீட்டின் பிளாஸ்டிக் உறையை மட்டும் கழற்றி ஆணியில் மாட்டியிருந்தார்கள். "நேத்துதான் வெட்டி எடுத்துட்டுப் போனாங்க. முழுசா ஏத்த லாரி வரல. உக்காரு தம்பி" என்றார் அம்மா. பேங்குக்குப் போகப் பக்கத்து வீட்டுப் பையனுக்காகக் காலையிலிருந்து காத்திருப்பதாகச் சொன்னார். நான் காபி குடித்தேன். கடிதம் பையில் இருந்தது. அப்படியே திரும்பி வந்தேன்.

போன மாதம் கணவனும் மனைவியுமாக இரண்டு பேர் பட்டறைக்கு வந்தார்கள். அதே மாதிரி வண்டி, அதே வெள்ளை, எங்கோ பேராவூரணிப் பக்கம் ஒரு தோப்பில் மட்டைக்கு அடியில் கிடந்ததாம். "இந்த மாடல் இப்ப கெடைக்கவே மாட்டேங்குதுங்க. எல்லாரும் தேடுறாங்க. கம்பெனியில வந்த மாதிரியே பண்ணிக் குடுங்க" என்றார் அந்தப் பெண். நான் பானட்டைத் திறந்து முதலில் அந்தத் தகட்டைத் தேடினேன். மண்ணெண்ணெயில் துணியை நனைத்து, விரலாலேயே கால் மணி நேரம் துடைத்தேன். எண் முழுதாக இருந்தது. அந்த வண்டி ஐம்பது வருஷத்தைப் பார்க்கலாம். யாராவது அதைக் கண்காட்சி வரிசையில் நிறுத்தலாம். அதில் ஹெச்.எம். அம்மாவின் அப்பா ஏறியதில்லை.

அம்மா இருக்கிறார். பஸ்ஸில் முக்கால் மணி நேரம். நாளை போவேன் என்று எழுத எனக்கு ஆசை. இரண்டு வருஷமாக அப்படித்தான் ஆசைப்படுகிறேன். இன்று டேப் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உறையில் உரசி உரசி ஓரங்கள் தேய்கின்றன. முதல் எழுத்தும் கடைசி எண்ணும் போய்விட்டன. நான் இரும்பிலிருந்து அழித்த நடுப்பகுதி மட்டும் இதில் தெளிவாக இருக்கிறது. அம்மா செய்தித்தாள், புத்தகம் எதையும் விடாமல் படிப்பவர். நான் எழுதும் இது அச்சில் வந்தால் அவர் கண்ணில் படலாம். அம்மா, எண்ணெய் எதையும் அரிக்கவில்லை. நான் மிஷின் வைத்தேன்.