காப்புக் கட்டினால் நெஞ்சு வலிக்காதா?

ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தோளில் லேசாகச் சுள்ளென்றால்கூடக் கை தானாக நெஞ்சுக்குப் போகிறது. காரணம், என் அத்தான்.

அக்கா வீட்டுக்காரர். தேவதானத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார். ஊர்ப் பூக்குழித் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி விரதம் இருந்தார். பூக்குழியில் இறங்கித் தீ மிதிக்கும்வரை அந்த மஞ்சள் கயிறு கையில் இருக்கும். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மற்றபடி விவரமான மனுஷர்தான்... இந்த விஷயத்தில் மட்டும் அசைய மாட்டார்.

அன்று காலை நான் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போய் இறங்கியபோது அத்தான் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். ஃபேன் முழு வேகத்தில் ஓடுகிறது. சட்டையோ தொப்பலாக நனைந்திருக்கிறது!

"வெறும் வயித்துல வாயு பிடிச்சிருக்கு. ஒரு சோடா வாங்கிட்டு வாலே" என்றாள் அக்கா.

"எங்க வலிக்கு அத்தான்?"

"வலின்னு இல்ல மாப்ள. நடு நெஞ்சுல அம்மியத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு. இடது கையும் தாடையும் கடுக்கு. செத்த நேரம் படுத்தா சரியாயிரும்."

"எம்புட்டு நேரமா?"

"விடியக்காலத்துல இருந்து."

பகீரென்றது எனக்கு. வாயுவுக்குத் தாடை எதற்குக் கடுக்க வேண்டும்? ஓய்வெடுத்தும் குறையாத அழுத்தம், கைக்கும் கழுத்துக்கும் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சு வாங்கல், குமட்டல் — இதில் ஒன்றிரண்டு தெரிந்தாலே இதயம்தான் என்று எடுத்துக்கொண்டு ஓட வேண்டாமா? ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன்.

வண்டி வந்தது. அத்தான் ஏறவில்லை!

"காப்போட எல்லை தாண்டுனா ஊருக்கே ஆகாது மாப்ள. பூக்குழி முடியட்டும். பொறவு ராஜபாளையம் போவோம்."

அக்கா அழுதாள். நான் கத்தினேன். டிரைவர் வாட்சைப் பார்த்தார். கடைசியில் அத்தானே கொஞ்சம் இளகினார் — "பூசாரி சரின்னா வாரேன்."

அடுத்த தெருவில்தான் கோயில். ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் பூசாரி என்னையும் முந்திக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏலே, ஏறுலே வண்டியில! போன வருசம் காய்ச்சல்னு சொல்லி வெளியூர்ப் பூசாரிய வச்சுச் சமாளிச்சேன்ல? காய்ச்சலும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நெஞ்சு வலி. காப்போடதான் போய் ஸ்டென்ட் வச்சுட்டு வந்தேன். அம்மன் ஒண்ணும் சொல்லல!"

அத்தான் வாயைப் பிளந்தார். "எங்கிட்டகூடச் சொல்லலையே அண்ணாச்சி!"

"ஊர் என்ன நினைக்குமோன்னு பயந்தேன்யா."

ராஜபாளையம் போய்ச் சேர்வதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் அத்தான் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். ஈ.சி.ஜி. பார்த்ததும் ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். அடைப்பு! எடுத்துவிட்டார்கள். பிழைத்துவிட்டார். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி பலவீனமாகிவிட்டதாம்.

"வலி வந்ததுமே ஏன் கூட்டிட்டு வரல?" என்று டாக்டர் கேட்டார்.

எனக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. மூட்டு வலி, சுகர், பிரஷர் எல்லாவற்றையும் டீக்கடையில் விலாவாரியாகப் பேசுகிறோம். நெஞ்சு வலியை மட்டும் ஏன் களவாணித்தனம் மாதிரி ஒளிக்கிறோம்? பூசாரி போன வருஷமே வாயைத் திறந்திருந்தால், அத்தான் விடியும்போதே கிளம்பியிருப்பாரே!

சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனசு வரவில்லையா? தாராளமாகச் சொல்லுங்கள்... வண்டியில் ஏறிய பிறகு!