ஐ.டி. கார்டின் முதுகு

பஸ் படியில் கால் வைப்பதற்கு முன் ராஜாமணி கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டைத் திருப்பி, அதன் முதுகில் கட்டைவிரலை ஒரு முறை ஓட்டிப் பார்ப்பாள். கார்டுக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் நடுவே மடித்து வைத்தது விரலில் தட்டுப்பட வேண்டும். தட்டுப்பட்டால்தான் ஏறுவாள். பின்னால் நிற்பவர்கள் முனகினால், "இரும்மே, சாமி கும்பிட்டுக்கினு வரேன்" என்பாள்.

குன்றத்தூரிலிருந்து இருங்காட்டுக்கோட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸில் அவளுக்கு ஜன்னல் சீட், எனக்குப் பக்கத்து சீட். காருக்குள் ஓடும் ஒயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி அனுப்புகிற கம்பெனி எங்களுடையது. நான் ஸ்டோர்ஸில் உட்காருகிறேன், அவள் லைனில் நிற்கிறாள். அதே லைனில் இருபத்தோரு வருஷமாக நிற்கிறாள். ஆள் குள்ளம், நடை வேகம். வலது ஆள்காட்டி விரலில் கறுப்பு டேப்பின் பிசுக்கு எப்போதும் இருக்கும். தயிர்சாதத்துக்கு மிக்சர்தான் தொட்டுக்கொள்வாள். பேசிக்கொண்டே எதிராளியின் ஜாக்கெட் தையலைச் சோதிப்பாள். பிரிந்த நூல் கண்ணில் பட்டால் கேட்காமலே பல்லால் கடித்து எடுத்துவிடுவாள். எனக்குப் பலமுறை எடுத்திருக்கிறாள்.

புருஷன் பெயர் ஜீவானந்தம். முன்பு லோடு ஆட்டோ ஓட்டினார். இப்போது ராஜாமணியின் சம்பளத்தை ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஏ.டி.எம். கார்டு அவர் சட்டைப் பையில் இருக்கிறது, சம்பள மெசேஜ் அவர் போனுக்குத்தான் போகிறது. வீட்டில் அரிசி டப்பா, தலையணை உறை, சாமி படத்தின் பின்பக்கம் என்று அவர் கைவிட்டுத் துழாவாத இடம் கிடையாது. ஐ.டி. கார்டை மட்டும் தொடமாட்டார். "அது கம்பெனி சாமான். ஏதுனா ஆச்சுன்னா சம்பளத்துல புடிச்சுருவான்" என்று அவருக்கு பயம். உலகத்தில் அவர் பயந்த ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்து, அதற்குப் பின்னால் ராஜாமணி தன் பேங்கை வைத்துக்கொண்டாள்.

அந்த பேங்குக்கு வரவு, அவள் பஸ்ஸில் விற்கும் நைட்டியிலிருந்தும் உள்பாவாடையிலிருந்தும் வருகிறது. மகள் ரஞ்சனி பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். அவளுடைய பரீட்சை ஃபீஸ் ஒவ்வொரு தடவையும் அந்தக் கார்டின் முதுகிலிருந்துதான் போயிருக்கிறது. கடைவாய்ப் பல் சொத்தையாகி ராஜாமணியின் கன்னம் வீங்கியபோது டாக்டருக்கும் அங்கிருந்துதான் எடுத்தாள். "வூட்ல கேட்டா கிராம்பு வெச்சு கடின்னுவாரு" என்று அன்றைக்குச் சிரித்தாள். வீங்கிய கன்னத்தோடு சிரித்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

போன வருஷம், இருபது வருஷம் முடித்தவர்களை ஜோடியாகப் பட்டாயாவுக்கு அனுப்பியது கம்பெனி. நாலு நாள் கடலோர ரிசார்ட். கைச்செலவுக்கு, வெளிநாட்டில் செல்லுபடியாகும் கார்டு ஒன்றில் பணம் போட்டுத் தருவதாகச் சொன்னார்கள். குடும்பத்துக்கு ஒரு கார்டு. ஹெச்.ஆரில் இருக்கிற சின்னப் பெண் இசைவாணி, "யார் பேர்ல போடட்டும்க்கா?" என்று கேட்டாள். ராஜாமணி யோசிக்கக்கூட இல்லை. "எங்க வூட்டுக்காரரு பேர்லயே போட்டுரும்மா."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. நின்றது இவள், கால் நரம்பு புடைத்தது இவளுக்கு, கார்டு அவருக்கா? பஸ்ஸில் கேட்டேன். "அவ கேட்டா, வாயில அப்டியே வந்துச்சுமே. எங்க கேட்டாலும் அவரு பேரு சொல்லிச் சொல்லி பழகிப்போச்சு" என்றாள். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் புரிந்துதான் இருந்தது, என்ன, ஒரு நிமிஷம் தாமதமாகப் புரிந்தது.

அடுத்த ஒரு மாதம் பஸ் முழுக்க இதே பேச்சு. "டாலரா மாத்திக்கினு போ, எங்க வேணா செல்லும்" என்றார் டிரைவர் டில்லிபாபு, திருவள்ளூரைத் தாண்டாதவர். ஊறுகாய் பாட்டிலுக்குள் நோட்டைச் சுருட்டி வைக்கச் சொன்னாள் ஒருத்தி. பாவாடை நாடாவோடு ஒரு பை தைத்துக்கொள்ளச் சொன்னாள் இன்னொருத்தி. ராஜாமணி எல்லோருக்கும் தலையாட்டினாள். அவளுடைய இடம் எப்போதோ முடிவாகியிருந்தது. விசா வேலைக்காகப் பாஸ்போர்ட்டுகள் ஆபீஸில் இருந்த வாரம், டிராவல் ஏஜென்ட் கேன்டீனில் மேசை போட்டு நோட்டு மாற்றிக் கொடுத்தார். நைட்டிக் காசைக் கொடுத்து, தாய்லாந்து நோட்டு இரண்டு வாங்கிக்கொண்டாள். ஆயிரம் பாத் நோட்டுகள். நாலாக மடித்து, கார்டின் முதுகில் செருகினாள்.

அது எதற்கென்று எனக்கு மட்டும் தெரியும். ரிசார்ட்டின் வீடியோவைக் கேன்டீன் டிவியில் போட்டுக்காட்டியிருந்தார்கள். மோட்டார் படகு ஒன்று இழுக்க, பாராசூட்டில் கட்டிய பெண் கடலுக்கு மேலே ஏறிக்கொண்டே போனாள். "மேல போய்ட்டா யாரு கூப்டாலும் காதுல விழாதில்ல?" என்று ராஜாமணி கேட்டாள். விழாது என்றேன். "ஒரு தபா போய்ட்டு வந்துர்றேன்" என்றாள், கடைக்குப் போய் வருகிற மாதிரி.

திரும்பி வந்து ராஜாமணி எல்லாவற்றையும் சொன்னாள். ரிசார்ட்டில் ஜீவானந்தம் ராஜாவாக இருந்தார். அறை ஃபிரிட்ஜில் இருந்த பாட்டில்களையெல்லாம், "ரூம்ல வெச்சா ரூமுக்குத்தான?" என்று முதல் ராத்திரியே காலி செய்தார். மறுநாள் பில் வந்தது. வரவேற்பு மேசையில் ஏற்கெனவே கார்டிலிருந்து ஒரு தொகையை அட்வான்ஸாகப் பிடித்து வைத்திருந்தார்கள். இவருக்கு அது தெரியாது. தெரிந்தபோது கத்தினார், தமிழில். கத்தலெல்லாம் முடிந்து ராஜாமணியிடம்தான் திரும்பினார். அவள் நைட்டிக்கு மேலே ஐ.டி. கார்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

"கழட்டுடி அத்த. பீச்சுக்கு வந்தும் டியூட்டியா? மானம் போவுது."

"கூட்டத்துல தொலைஞ்சிட்டா? பேரு, போன் நம்பரு எல்லாம் இதுலதான கீது."

கம்பெனி சாமான் என்பதால் அவரும் விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் பாராசூட்டுப் படகு நிற்கும் இடத்துக்குப் போனார்கள். கார்டில் மிச்சமிருந்ததைத் தேய்த்து அவர் பறந்தார். செருப்பையும் சட்டையையும் ராஜாமணி கையில் கொடுத்து, போனை வீடியோவில் வைத்து, "முழுசா எடு, பாதியில விட்றாத" என்றார். அவள் முழுசாக எடுத்தாள். எனக்கும் காட்டினாள். தொப்பையும் தொங்கும் காலுமாக அவர் வானத்தில் போகிறார். கேமரா ஆடவே இல்லை. வேலை சுத்தம், என்ன சொல்ல.

அவர் இறங்கி வந்ததும் ராஜாமணி கேட்டிருக்கிறாள். "நானும் ஒரு தபா போறேனே."

"கார்டு காலி. எத்த வெச்சு போவ? உங்கிட்ட ஏதுனா கீதா?"

டிக்கெட் ஆயிரத்து ஐந்நூறு பாத். இரண்டாயிரம் அவள் நெஞ்சின் மேல் தொங்கிக்கொண்டிருந்தது. கை ஐ.டி. கார்டு வரைக்கும் போனது என்றாள். எடுத்தால் அவள் பறப்பாள், கால் மணி நேரம். ஆனால் எங்கிருந்து எடுத்தாள் என்பதை அவர் பார்த்துவிடுவார்.

"இல்ல. எனுக்கு பயமா கீது, வேணாம்" என்று சொல்லிவிட்டு, அவர் சட்டையை உதறிக் கொடுத்தாள்.

மறுநாள் விடியற்காலையிலேயே எல்லோரும் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

"இசைவாணி குடுத்துச்சுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாமே" என்றேன். எனக்கு ஆறவில்லை. ராஜாமணி என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "துட்டுக்குப் பொய் சொல்லிக்கலாம்மே. எடத்துக்கு இன்னா சொல்றது? ஒரு தபா பாத்தாருன்னா அப்பறம் தெனமும் கேட்லயே நின்னு தடவிப் பாப்பாரு. ரஞ்சனிக்கு இன்னும் ரெண்டு செமஸ்டர் கீது."

அந்த இரண்டு நோட்டும் இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. போரூரில் நோட்டு மாற்றும் கடையில் பாஸ்போர்ட் கேட்டார்கள். பாஸ்போர்ட் பீரோவுக்குள், பீரோ சாவி ஜீவானந்தத்தின் சாவிக்கொத்தில். எதற்கு என்று கேட்பார். எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது, இருந்திருந்தால் நானே மாற்றிக் கொடுத்திருப்பேன். இந்த செமஸ்டர் ஃபீஸுக்காக இப்போது பாத் நோட்டுகளுக்கு மேலே நம்மூர் நோட்டுகள் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்துகொண்டிருக்கின்றன. உறை உப்பிவிட்டது. கேட்டில் செக்யூரிட்டி, "இன்னாக்கா, கார்டு மாசமா கீதா?" என்று கிண்டல் செய்கிறான். அவளும் சிரிக்கிறாள்.

ஹைவேயில் ஏறியதும் டில்லிபாபு வேகம் எடுப்பார். ஜன்னல் காற்றில் ராஜாமணியின் ஐ.டி. கார்டு நாடாவோடு எழும்பி முகத்துக்கு நேரே படபடக்கும். ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம், சாத்தமாட்டாள். கொஞ்ச நேரம் அதைப் பறக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு எட்டிப் பிடித்து, உள்ளங்கையால் நெஞ்சோடு அழுத்திக்கொள்வாள். கம்பெனி கேட் வரும்வரை கையை எடுக்கமாட்டாள்.