திறக்காத ஒப்பந்தம்

வெள்ளவத்தையில், காலி வீதிப் புடைவைக் கடையொன்றின் மேல்மாடியில் எங்கள் மென்பொருள் நிறுவனம் இருந்தது. நாங்கள் செய்தது ஆவணங்கள் எழுதும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். உள்ளே இருக்கும் நிரலை எவரும் பார்க்கலாம், மாற்றலாம். நிரலைப் பூட்டி வைத்து உரிமம் விற்கும் பம்பலப்பிட்டி நிறுவனம் எங்கள் பரம எதிரி. எங்கள் முதலாளி அதன் பெயரை வாயால் சொன்னதே இல்லை. "அந்த ஆக்கள்" என்பார்.

ஒரு திங்கட்கிழமை வந்து, "அந்த ஆக்களோட பங்காளியாகப் போறம்" என்றார். பெரிய பதிப்பகம் ஒன்று, இரண்டு பேரும் சேர்ந்து வந்தால்தான் வேலை தருவோம், ஒப்பந்தமும் தமிழில்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டதாம்.

மத்தியானம் ஒப்பந்தம் மின்னஞ்சலில் வந்தது. அவர்களுடைய மென்பொருளில் எழுதியது. எங்களுடையதில் திறந்தால் பந்திகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. தமிழ் எழுத்தெல்லாம் வெறும் கட்டங்கள்.

"அவையின்ர மென்பொருளை வாங்கித் திறந்து பாப்பமோ, சேர்?" என்று முதலாளியிடம் கேட்டேன்.

"நான் இருக்கும் வரைக்கும் இந்தக் கந்தோருக்குள்ள அது வராது, பிள்ளை."

"அவையோடதானே கையெழுத்து வைக்கப் போறியள்?"

"அது வேற, இது வேற."

பிடிஎஃப் ஆக அனுப்பச் சொன்னோம். கையெழுத்தாகும் வரை திருத்தக்கூடிய வடிவில்தான் இருக்க வேண்டும் என்று அவர்களது சட்டத்தரணி மறுத்துவிட்டார். கடைசியில் அவர்களுடைய அதிகாரி ஒருவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். தெஹிவளை முஸ்லிம் பெண், என் வயதுதான் இருக்கும். அவர் வாசிக்க வாசிக்க, நான் எங்கள் மென்பொருளில் தட்டச்சு செய்ய வேண்டும்.

முதலாம் பிரிவை வாசித்தார்: "இரு தரப்பினரின் கோப்புகளும் மற்றவரின் மென்பொருளில் எவ்விதத் தடையுமின்றித் திறக்கும்."

நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகத்தில் அசைவில்லை.

"திரும்ப ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தார். 'எவ்விதத் தடையும்' வரை வந்ததும் குரல் உடைந்து சிரித்துவிட்டார். எனக்கும் அடக்க முடியவில்லை. முதலாளி மட்டும் கண்ணை மூடித் தலையாட்டினார். "வடிவான வசனம்."

தட்டச்சு செய்ததைச் சரிபார்க்க அவர்களுக்கு அனுப்பினோம். அடுத்த நாள் அந்தப் பெண்ணே தொலைபேசியில் வந்தார். "உங்கட ஃபைல் இங்க ஒரு பக்கத்துக்கு ஒரு எழுத்தாத் தொறக்குது. வந்து வாசிச்சுக் காட்டுறீங்களா?"

போய் வாசித்தேன். கையெழுத்து நாளன்று ஹோட்டல் மண்டபத்தில் பூமாலை, கைகுலுக்கல், படம் எல்லாம் நடந்தன. இரண்டு பிரதிகளிலும் பிரிவு இலக்கங்கள் பொருந்தவில்லை என்று சட்டத்தரணி மேடையிலேயே முணுமுணுத்தார். "பிறகு பாப்பம்" என்று எங்கள் முதலாளியும் அவர்களுடைய முதலாளியும் ஒரே குரலில் சொன்னார்கள். இருவரும் உடன்பட்ட முதல் விஷயம் அதுதான்.

கூட்டு இன்றுவரை நன்றாகவே நடக்கிறது. கோப்புகள்தான் இன்னும் திறப்பதில்லை. எனக்கு 'இணக்கப்பாட்டு அதிகாரி' என்று புதிய பதவி தந்திருக்கிறார்கள். காலையில் பம்பலப்பிட்டிக்குப் போய் எங்கள் கோப்புகளை அந்தப் பெண்ணுக்கு வாசிப்பேன். பின்னேரம் அவர் வெள்ளவத்தைக்கு வந்து தங்களுடையதை எனக்கு வாசிப்பார். இடையில் இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம்.

கலியாண வீடுகளில் யாராவது என் வேலையைப் பற்றி விசாரித்தால் அம்மா, "மகள் கொம்பியூட்டருக்கு வாசிச்சுக் காட்டுறா" என்கிறார். அதில் பிழை சொல்ல முடியவில்லை.