மச்சான் கொடுத்த முறைப்பாடு

என்மேல் இதுவரை ஒரே ஒரு முறைப்பாடுதான் வந்திருக்கிறது. கொடுத்தவன் என் அத்தை மகன். கொடுத்த அன்று பின்னேரமே எங்கள் வீட்டுக்கு வந்து, ஒன்றும் நடக்காதவன் மாதிரி ரொட்டியும் கட்டைச் சம்பலும் தின்றுவிட்டுப் போனான்.

இலங்கையில் பெல்மதுளைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டம்தான் எங்கள் ஊர். நான் அங்கே பாடசாலையில் கணினி படிப்பிக்கிறேன். அவன் பெல்மதுளை பஜாரில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறான். மீதி நேரத்தில் இரண்டு பேரும் ஒரு திறந்த மூல மென்பொருளுக்கு வேலை செய்கிறோம். பல நாட்டுக்காரர்கள் சம்பளம் இல்லாமல் கூடி எழுதுவது அது. யாரும் எடுத்துப் பாவிக்கலாம், யாரும் திருத்தலாம். மழை எவ்வளவு பெய்கிறது என்று பார்த்து, மண்சரிவு வரக்கூடிய இடங்களுக்குப் போனில் எச்சரிக்கை அனுப்பும்.

அந்த எச்சரிக்கை சிங்களத்திலும் இங்கிலீஷிலும் மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆட்கள் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் வாசிக்கச் சொன்னால் பாதிப் பேர் கண்ணாடியைத் தேடுவது போல் பாவனை செய்வார்கள். அவர்களில் முதல் ஆள் என் அத்தை, அவனுடைய அம்மா. அவர் இருப்பது மேல் லயத்து வரிசை வீட்டில், செங்குத்தான மண்மேட்டுக்கு நேர் கீழே. மே மாத மழைக்கு முன்னால் தமிழ் வந்தாக வேண்டும் என்று நாங்கள் தலைகீழாக நின்றதெல்லாம் அவரை நினைத்துத்தான். அவன் எழுதுவான், நான் வாசித்துச் சரிபார்த்து உள்ளே விடுவேன். நான் விடாமல் தமிழில் ஒரு வரிகூட உள்ளே போகாது.

சரிபார்க்கும்போது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டேன். ஒருநாள் அவன் எழுதியதற்குக் கீழே, எல்லாரும் பார்க்கும் இடத்தில், "இத எழுதினது நீயா, இல்ல ஒன் கட வாசல்ல நிக்கிற மாடா?" என்று போட்டேன். மாடு இன்றைக்கு லீவு, நான்தான் எழுதினேன் என்று அவன் பதில் போட்டான். மாமன் மகளும் அத்தை மகனும் இப்படிப் பேசிக்கொள்ளாவிட்டால்தான் எங்கள் லயத்தில் என்ன சண்டை என்று வந்து விசாரிப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து எங்கள் குழுமம் நடத்தை விதிகள் என்று ஒன்றை வெளியிட்டது. ஒருவரையொருவர் மரியாதையாக நடத்த வேண்டும், இழிவாகப் பேசக்கூடாது, அப்படி நடந்தால் இன்ன குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம் என்று இருந்தது. அதை வாசித்ததும் அவனுக்குத் தோட்டத் தலைவர் ஞாபகம் வந்துவிட்டது. எங்கள் தோட்டத்தில் கோழி பக்கத்து வீட்டுக்குப் போனாலும் தலைவரிடம்தான் போவோம். யாருக்கும் தண்டனை வாங்கிக் கொடுக்க இல்லை. அவர் இரண்டு பேரையும் கூப்பிடுவார், இரண்டு பேருக்கும் சமமாக ஏசுவார், பிளேன்டீ வரும், குடித்துவிட்டுச் சேர்ந்தே வீட்டுக்கு நடப்போம். அந்த நினைப்பில் இந்த மகராசன், இவள் என்னை மாடு என்கிறாள், என்னவென்று கேளுங்கள் என்று எழுதி அனுப்பிவிட்டு ரொட்டி தின்ன வந்துவிட்டான்.

அடுத்த நாள் எனக்குக் கடிதம் வந்தது. பிளேன்டீ வரவில்லை. விசாரணை முடியும்வரை எதையும் உள்ளே விடும் அதிகாரம் எனக்கு இல்லை என்று இருந்தது. எனக்கு உச்சிமுடி எரிந்தது. போனை எடுத்து அவனுக்குக் கொடுத்த ஏச்சில், அந்த விதிகளில் ஒன்றுகூட மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் மீறியிருப்பேன்.

"ரெண்டு பேரையும் கூப்ட்டு ஏசி அனுப்புவாங்கன்னுதான் நெனச்சேன்" என்றான் பரிதாபமாக.

முறைப்பாட்டைத் திரும்ப எடுக்கச் சொன்னேன். எடுத்தான். பயத்தினால் பலர் இப்படித் திரும்ப எடுப்பதுண்டு, பயப்பட வேண்டாம், நாங்கள் இருக்கிறோம் என்று பதில் வந்தது. அவள் என் மாமன் மகள், இது குடும்ப விஷயம் என்று எழுதினான். குடும்ப வன்முறைக்கு எங்கே உதவி கேட்கலாம் என்ற விபரத்தை அன்போடு அனுப்பினார்கள். கடைசியில், அப்படியெல்லாம் இல்லை, அவள் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்துதான் இந்த இங்கிலீஷைத் திருத்தித் தருகிறாள் என்று எழுதினான். உங்களால் இப்போது சுதந்திரமாகப் பேச முடியுமா, முடியாது என்றால் வெறும் ஒரு புள்ளி மட்டும் அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அவன் சிரித்த சிரிப்பில் கை பட்டு ஒரு புள்ளி போய்விட்டது.

அதற்குப் பிறகு விசாரணை இன்னும் தீவிரமானது. மாடு என்பது உங்கள் சமூகத்தில் எந்த வகையான இழிவு என்று என்னிடம் விளக்கம் கேட்டார்கள். அது இழிவு இல்லை, உண்மையான மாடு, தினமும் இவன் கடை வாசலில் நின்று கார்ட்போர்ட் பெட்டி தின்னும் என்று எழுதி, சாட்சிக்குப் படமும் வைத்தேன். படத்துக்கு நன்றி, இருந்தாலும் மனிதரை விலங்கோடு ஒப்பிடுவது விதிக்கு முரண் என்றார்கள். மாட்டுக்கு அது தெரிந்திருந்தால் அதுவும் ஒரு முறைப்பாடு கொடுத்திருக்கும்.

ஆனால் பின்னேரங்களில் வானம் கறுத்து இடி முழங்கத் தொடங்கியிருந்தது. தமிழ் அப்படியே பூட்டிக் கிடந்தது. போனில் தமிழ் எப்போது வரும் என்று அத்தை போகும்போதும் வரும்போதும் கேட்டார். அவர் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்புப் போய்விடும். அந்த மேட்டைப் பார்க்கவே பயமாக இருந்தது.

ஒரு சனிக்கிழமை வீடியோவில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். குழுவின் தலைவி நரைமுடியோடு ஒரு அம்மா, நிதானமாகப் பேசினார். இவள் சொன்னதில் எது உங்களைக் காயப்படுத்தியது என்று அவனிடம் கேட்டார். அவன் தலையைச் சொறிந்தான். எங்கே கேமராவைத் திருப்பி வாசலில் நின்ற மாட்டைக் காட்டிவிடுவானோ என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அவன் சொன்னதைத் தமிழில் போட்டால் இப்படி வரும்:

"மத்தவங்க எல்லாம் நல்லா இருக்கு, நன்றின்னு போட்டுட்டுப் போயிருவாங்க மேடம். வாசிச்சாங்களான்னே தெரியாது. இவ மட்டுந்தான் கடைசி வரி வரைக்கும் வாசிச்சிட்டு ஏசுறா."

இத்தனை வருடத்தில் அவன் என்னைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை, அதையும் யாரோ வெளிநாட்டு அம்மாவிடம் சொல்கிறான்.

அந்த அம்மா, வேறொரு மென்பொருளுக்குத் தான் முதன்முதலாக எழுதிக் கொடுத்த அன்று முகம் தெரியாத ஒருவர் இதே மாதிரி ஏசியதையும், அதற்குப் பிறகு பல வருடம் தான் எதையுமே எழுதாமல் இருந்ததையும் சொன்னார். நீங்கள் சொந்தக்காரர்கள் என்பது அந்தப் பக்கத்தை வாசிக்கும் மற்றவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். சண்டை போட ஒரு மூட்டை நியாயம் கட்டி வைத்திருந்தேன். அவிழ்க்கவே இல்லை. அவர் கேட்டது சரிதான்.

அதிகாரத்தைத் திரும்பத் தந்தார்கள். எல்லாரும் பார்க்கும் இடத்தில் மரியாதையாக எழுதுவேன் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

அவனுடைய கடைசிப் பகுதியை அன்றைக்கே எடுத்து வரி வரியாக வாசித்தேன். வாசித்துவிட்டு, மதிப்புக்குரிய பங்களிப்பாளரே, தங்கள் உழைப்புக்கு நன்றி, சிவப்பு எச்சரிக்கைப் பகுதியைத் தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது ஒருமுறை மீளப் பார்க்க முடியுமா என்று எழுதினேன். கை கூசியது. உடனே போன் அடித்தது.

"நீ வாசிக்கவே இல்லதானே?" என்றான். குரலில் உண்மையாகவே கோபம்.

"வாசிச்சேன்டா. செவப்பு வந்தா வீட்டுக்குள்ளயே இருங்கன்னு போகுது. மஞ்சளுக்குத்தான் வெளியேறச் சொல்லுது, ரெண்டும் மாறிக் கெடக்கு. ஒங்கம்மா மேட்டுக்குக் கீழ இருக்கிறது ஞாபகம் இருக்கா, இல்லியா?"

அதற்குப் பிறகு நான் ஏசியதை இங்கே எழுத முடியாது. விதிகள் போனுக்குப் பொருந்தாது என்பது என் கட்சி. அவன் முழுவதையும் கேட்டான், கடையைப் பாதியில் மூடிவிட்டுத் திருத்தினான். பொதுப் பக்கத்தில், மதிப்புக்குரிய சரிபார்ப்பாளரின் கனிவான ஆலோசனைக்கு நன்றி என்று போட்டான். அந்த நரைமுடி அம்மா அதற்குக் கீழே ஒரு இதயப் படம் போட்டார்.

மே மாத மழை சொன்னபடி வந்தது. ஒரு பகல், எல்லார் போனும் ஒரே நேரத்தில் கத்தியது. மேல் லயத்து ஆட்கள் எல்லாரும் பாடசாலை மண்டபத்துக்கு இறங்கி வந்தார்கள். முதலில் வந்தது அத்தை, ஒரு கையில் குடை, ஒரு கையில் போன், இடுப்பில் அரிசிப் பானை. அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் மேட்டில் ஒரு துண்டு சரிந்து அவர் வீட்டுக் குசினியில், அடுப்பின் மேலேயே விழுந்தது. அது அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அத்தை கொதித்துப் போய் வந்திருக்கிறார் என்பதுதான்.

"உடனே வெளியேறவும்னு போட்ருக்கான். எவன் எழுதினது இது? போன் கம்பனிக்காரன்கூட அன்பான வாடிக்கையாளரேன்னுதான் அனுப்புறான். வயசானவங்க வாசிப்பாங்களே, வாங்க போங்கன்னு ஒரு மரியாத வேணாம்?"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. நான் அவனைக் காட்டினேன். அவன் என்னைக் காட்டினான்.