எலுமிச்சம்பழம் பிழிந்த பனியாறு

ஒன்பதாம் வகுப்புக்கு அடுத்த பாடம் பனியாறுகளும் பனியுகமும் என்று பார்த்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. தாராவியில் எங்கள் பள்ளியின் மேல்மாடிக்குத் தகரக் கூரை. அக்டோபர் வெயிலில் மின்விசிறியைப் போட்டால் சூடு ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குப் போகும், அவ்வளவுதான். அங்கே நின்றுகொண்டு, ஒரு காலத்தில் கண்டம் கண்டமாகப் பனி மூடிக் கிடந்தது என்று சொன்னால் எந்தப் பிள்ளை நம்பும்?

அந்தச் சிரிப்பும் நிலைக்கவில்லை. நான் பாடம் நடத்துவதைப் பார்க்கக் கல்வி அதிகாரி வருகிறார் என்று தலைமையாசிரியை சொன்னார். அவருக்குப் பிடித்துவிட்டால் என் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் பழையபடி தற்காலிக ஆசிரியை. அந்தப் பெயர் எனக்கு அலுத்துப்போயிருந்தது.

வெறும் படம் காட்டினால் போதாது, நிஜமாகவே ஒரு பனியாறு செய்து காட்டுவது என்று முடிவு செய்தேன். திலக் நகரில் எங்கள் கட்டடத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தை இடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே போய்க் கொஞ்சம் ஜல்லியும் மணலும் கேட்டேன். வாட்ச்மேன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கொடுத்தான். அதைக் கழுவி, கேக் டின்னில் போட்டு, தண்ணீர் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்தேன். கல்லைச் சுமந்த பனி, சரிவில் இறங்கும்போது தரையைக் கீறிக்கொண்டே போகும். உருகும் இடத்தில் கல்லைக் குவித்துவிட்டுக் காணாமல் போகும். அந்தக் குவியலுக்கு மொரைன் என்று பெயர்.

ஐஸ் எடுக்கப் போன என் கணவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார்.

"ஏன்டீ, ஃப்ரீஸர்ல ஜல்லி போட்டு வச்சிருக்கே. அதுக்குள்ள ஏதாவது கட்டப் போறியா?"

"அது பனியாறு. தொடாதேங்கோ."

மேலே கேட்டால் பதில் நீளும் என்று அவருக்குத் தெரியும். போய்விட்டார்.

மறுநாள் பனியாற்றைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். புடவை நனைந்து, பக்கத்து ஸீட்டு அம்மாள் எழுந்து வேறு இடம் பார்த்துக்கொண்டாள். வகுப்பில் ஒரு தட்டில் களிமண்ணைச் சரிவாகப் பூசி, பக்கத்தில் இன்னொரு தட்டில் பனிக்கட்டியை வைத்தேன். முன் பெஞ்சுப் பெண்ணிடம், "அதிகாரி வராங்க, எல்லாத்தையும் நல்லபடியாப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு அவரை வரவேற்கக் கீழே இறங்கினேன்.

அதிகாரி வியர்த்து வழிந்து வந்து தலைமையாசிரியை அறையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அதே பெண் ஒரு பெரிய டம்ளரில் எலுமிச்சம்பழ சர்பத் கொண்டுவந்து நீட்டினாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கும்மா" என்றார். நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பொறுப்பு என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

மேலே போனோம். தட்டில் பனிக்கட்டி இல்லை. ஈர ஜல்லி மட்டும் குவிந்து கிடந்தது.

"ஐஸ் எங்க?" என்று அந்தப் பெண்ணின் காதருகே கேட்டேன்.

"சர்பத்துல போட்டுட்டோம் டீச்சர். கடைக்காரன் ஒங்கள நல்லா ஏமாத்திப்புட்டான். உள்ள பூரா கல்லு. ஒடச்சு, கல்லயெல்லாம் பொறுக்கிப் போட்டு, அலசித்தான் போட்டோம்."

அவள் வீடெல்லாம் திருநெல்வேலிப் பக்கம். வாசலுக்கு வந்தவரைக் குளிர்ச்சியாக ஏதாவது குடிக்க வைக்காமல் அனுப்புவது அங்கே பெரிய அவமானம். நான் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவள் பார்த்துக்கொண்டாள்.

"என்ன டீச்சர், பனியாறு செஞ்சு வச்சிருக்கீங்களாமே, எங்க?" என்றார் அதிகாரி.

வகுப்பே அவர் வயிற்றைப் பார்த்தது.

"நீங்க குடிச்சுட்டீங்க சார்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். நிரந்தர வேலை போனது போனதுதான் என்று தோன்றியது. அப்படித் தோன்றிய பிறகு பயம் விட்டுப்போயிற்று. தட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"பனி போயிடுச்சு. அது இங்க இருந்துச்சுன்னு எப்படிச் சொல்லுவீங்க?"

முன் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "நம்ம க்ளாஸ்ல ஜல்லி ஏது டீச்சர்? எங்கயோ கெடந்தத ஏதோ ஒண்ணு தூக்கியாந்து போட்டிருக்கு. தூக்கியாந்தது போயிட்டு, கல்லு மட்டும் கெடக்கு."

பனியுகம் என்று ஒன்று இருந்ததை மனிதர்கள் கண்டுபிடித்ததும் இப்படித்தான் என்று சொல்லி, அங்கிருந்து பாடத்தை ஆரம்பித்தேன். மணி அடித்தது தெரியவில்லை.

முடிந்ததும் அதிகாரி காகிதத்தை விரித்துப் பேனாவைத் திறந்தார். அந்தப் பெண் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், சர்பத் நல்லாருக்குன்னு சொன்னியள்லா. அப்ப எங்க டீச்சர் பெர்மனெண்ட்தான?"

பிள்ளைகளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. எப்படியோ தெரிந்துகொண்டு, எனக்காக வீட்டிலிருந்து எலுமிச்சம்பழமும் சர்க்கரையும் கொண்டுவந்திருக்கிறார்கள்.

அதிகாரி வாய்க்குள் நாக்கைச் சுழற்றினார். நாக்கிலிருந்து ஒரு மணல் துணுக்கை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"மொரைன்" என்றார்.

பிறகு, நிரந்தரம் செய்யலாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.